பையனோட உடம்பே கணையத்தை அழிச்சிடுச்சுன்னு சொல்றாங்க, எப்படி இது?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு 9 வயசு. மூணு வாரமா ராத்திரில நாலு தடவை எந்திரிச்சு ஒண்ணுக்கு போனான், பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சான், வெயிலுக்குன்னு நெனச்சு விட்டுட்டேன். ஸ்கூல் பேன்ட் இடுப்புல நிக்கல, அப்பவும் வளர்ற பையன்னுதான் தோணுச்சு. அப்புறம் ஒரு நாள் வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, வாயில பழுத்த பழ வாடை, தூக்கிட்டு ஓடினா சுகர் 480ன்னாங்க, மூணு நாள் ஐசியூ. டைப் 1 சுகர் நோயாம், அவனோட எதிர்ப்பு சக்தியே கணையத்தை தாக்கிடுச்சாம். சொந்த உடம்பை அது ஏன் அடிக்கணும்? நான் இனிப்பு கொடுத்ததாலயா? கணையம் போச்சுன்னா சாப்பாடு எப்படி செரிக்குது? தூக்கமே வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நிலாமுற்றம்:
அக்கா, முதல்ல இனிப்பு விஷயத்தை மனசுலேர்ந்து எடுத்துடுங்க, டைப் 1 அதனால வர்றதில்ல. எனக்கு 11 வயசுல வந்தது, இப்ப 29, எங்கம்மாவும் இதையே நெனச்சு பல வருஷம் அழுதாங்க.

கணையம் முழுசா போகல. அதுல பெரும்பகுதி செரிமான நீர் சுரக்குற இடம், அது வேலை செஞ்சுட்டுதான் இருக்கு. நடுநடுவுல தீவு தீவா சின்ன செல் கூட்டம் இருக்கும், 1869ல லாங்கர்ஹான்ஸ்னு ஒரு ஜெர்மன் மருத்துவ மாணவர் கண்டது, மொத்த கணையத்துல 1, 2 சதவீதம்தான் வரும். அதுக்குள்ள இருக்குற பீட்டா செல்தான் இன்சுலின் சுரக்கும், அடி விழுந்தது அதுக்குத்தான், பக்கத்துலயே இருக்குற ஆல்ஃபா செல் தப்பிச்சுடும்.

அடிக்கிறது டி செல்னு ஒரு வெள்ளை அணு. வைரஸ் புகுந்த செல்லை தேடிக் கொல்றதுதான் அதோட வேலை. சொந்த செல்லையே அடிக்கக்கூடியதை தைமஸ் சுரப்பி வடிகட்டிடும், ஆனா சிலது தப்பி வந்துடும், அதுக்குத் தோதான ஜீனும் இருந்து ஏதோ ஒண்ணு, வைரஸா இருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க, தூண்டியும் விட்டா பீட்டா செல்லை எதிரின்னு எடுத்துக்குது. ஜீன் மட்டுமே காரணம்னா ஒரே கரு இரட்டையர் ரெண்டு பேருக்கும் வரணும், ஆனா ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம போறதும் உண்டு. இது அந்த மூணு வாரத்துல நடந்ததில்லக்கா, மாசக்கணக்கா வருஷக்கணக்கா சத்தமில்லாம நடந்து, மிச்ச செல்லால சமாளிக்க முடியாத அன்னைக்குத்தான் வெளிய தெரியும்.

சோதனைக்குழாய்:
லேப்ல வேலை பாக்குறேன். அந்த பழ வாடை பத்தி சொல்றேன். இன்சுலின் இல்லைன்னா ரத்தத்துல குளுக்கோஸ் குவிஞ்சு கெடந்தும் தசைக்குள்ள சரியா போகாது, உடம்பு பட்டினி கெடக்குற மாதிரி கொழுப்பை கரைக்க ஆரம்பிக்கும், கல்லீரல் அதை கீட்டோனா மாத்தும், அதுலேர்ந்து வர்ற அசிட்டோன்தான் வாடை, நெயில் பாலிஷ் ரிமூவர்ல இருக்குற அதேதான். ரத்தம் அமிலமானதாலதான் மூச்சு அப்படி வாங்கியிருக்கு. சுகர் சுமாரா 180 தாண்டினா யூரின்ல இறங்கும், கூடவே தண்ணியையும் இழுத்துட்டு போகும், அதான் அவ்வளவு தாகம்.

ரிப்போர்ட்ல ஜிஏடி ஆன்டிபாடின்னு இருக்கான்னு பாருங்க, எதிர்ப்பு சக்தி உண்டாக்குற ஒரு புரதம் அது. செல்லை கொல்றது அந்த ஆன்டிபாடி இல்ல, உள்ள தாக்குதல் நடக்குதுன்னு காட்டிக் கொடுக்குற அடையாளம். உடம்பு இன்சுலின் செய்யும்போது கூடவே வர்ற சி-பெப்டைட் எவ்வளவுன்னு பாத்தா சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம்னு தெரியும்.

வெள்ளிமீன்:
ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன் சிஸ்டர். இன்னும் கொஞ்ச நாள்ல அவனுக்குப் போடுற இன்சுலின் ஊசி டோஸ் ரொம்ப குறையலாம், ஹனிமூன்னு சொல்வாங்க, மிச்ச பீட்டா செல்லுக்கு ஓய்வு கெடச்சு திரும்ப கொஞ்சம் சுரக்கும். எங்க பொண்ணுக்கு அப்படி ஆனப்ப எல்லாரும் குணமாயிடுச்சுன்னு சொல்ல, நாங்களும் நம்பி ஊசியை நிறுத்தி, மறுபடி ஐசியூ வாசல்ல நின்னோம். தயவுசெஞ்சு யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க.

மழைத்துளி:
ரெண்டு தடவை படிச்சேன், அழுதுட்டேன். ஜிஏடி பாசிட்டிவ்னு போட்டிருக்கு. மூத்தவளுக்கு 12 வயசு, அவளுக்கும் வருமா?

சோதனைக்குழாய்:
கூடப் பொறந்தவங்கள்ல நூத்துக்கு சுமார் 5 பேருக்கு வரும், பெரும்பாலும் வராது. ஆனாலும் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துடலாம். ரெண்டோ அதுக்கு மேலயோ பாசிட்டிவ்னா, சுகர் நார்மலா இருந்தாலும் டைப் 1 தொடங்கிடுச்சுன்னுதான் இப்ப கணக்கு. டெப்லிசுமாப்னு ஒரு மருந்தை 2022ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, சுகர் லேசா ஏற ஆரம்பிச்ச கட்டத்துல கொடுத்தா முழு நோயா மாறுறதை ரெண்டு வருஷம் போல தள்ளிப்போடுது. டாக்டர்கிட்ட கேளுங்க.

மழைத்துளி:
திங்கக்கிழமை செக்கப் இருக்கு, ரெண்டு பேரையும் கூட்டிட்டு போறேன். இப்பதான் ராத்திரி டோஸ் போட்டேன், அவனே எண்ணி 4 யூனிட்னு சொல்லி இன்சுலின் ஊசிப் பேனாவை திருப்பினான்.