வளையம் அலங்காரமா? வீட்டில் வெட்டிய சிடி 125 பற்றி

பழைய இரும்பு (மாங்குளம்):
ஹொண்டா பென்லி சிடி 125 மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கஃபே ரேசர், அதாவது பந்தய வண்டிபோலத் தோன்றும் வண்டி, ஆக்குவதற்காக அதன் பின்சட்டத்தைச் சொக் (அதிர்வுதாங்கி) பூட்டும் இடத்துக்குப் பின்னால் வெட்டிவிட்டு, இரண்டு குழாய் நுனிகளையும் திறந்தபடியே விடலாம் என்றும், பின்னால் வைக்கும் வளையம் வெறும் அலங்காரம் என்றும் பரந்தன் தம்பி நேற்றுப் படங்களோடு எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கண்ணாடி போடாமல் வாசித்துவிட்டேனோ என்ற ஐயமே அதற்குக் காரணம். மட்காட்டையும், குழாய்களைக் குறுக்கே பிணைத்திருந்த இரும்பையும் வெட்டி எறிந்த பிறகு ஒவ்வொரு குழாயும் தன்பாட்டில் ஆடத் தொடங்கும். வளைத்த குழாய் ஒன்றை இரண்டு நுனிகளுக்கும் பொருத்தி, மூட்டுக்கு உள்ளே சிறிய குழாய்த் துண்டு செருகி, சுற்றிவர வெல்டிங் பிடித்தால்தான் அவை மறுபடியும் ஓர் உடம்பாகும். வளையம் வேண்டும்.

பரந்தன் சந்தி:
ஐயா அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் வாசித்திருந்தால், இருக்கையின் அடியில் மூன்று மில்லிமீற்றர் தகடு வைத்து, அதை நான்கு இடங்களில் போல்ட் போட்டு இரு குழாய்களோடும் இறுக்கியிருப்பதாக நான் எழுதியதைக் கண்டிருப்பார். அந்தத் தகடே இரண்டையும் பிணைக்கிறது. அம்மாவின் குசினிக்குப் பின்னால், இரவல் வாங்கிய கிறைண்டரை வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் மாலை நேரங்களில் செய்த வேலை இது. சொக்குகளைக் கழற்றிவிட்டுச் சில்லை மேலே தூக்கி, ரயர் இருக்கையின் அடியில் முட்டுகிறதா என்றுகூடப் பார்த்துத்தான் வெட்டும் இடத்தைக் குறித்தேன். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்கு மூன்று வாரமாக ஓடுகிறேன், பெயின்ற்கூட வெடிக்கவில்லை.

இரணைமடுக் காற்று:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டுக் குழாய் நுனியில் நிற்கிறீர்கள். லண்டனின் வடக்குச் சுற்றுவீதியில் 1938 இல் திறந்து 1969 இல் மூடப்பட்ட ஏஸ் கஃபேயின் வாசலில் நின்ற இளைஞர்கள், மணிக்கு நூறு மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகத்தைத் தொடுவதற்காகவே நோர்ட்டன் சட்டத்துக்குள் ட்ரையம்ப் எஞ்சினை இறக்கி 'ட்ரைட்டன்' என்று ஓடினார்கள். 124 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் உடைத்தாலும் அந்த வேகம் வராது. தாழ்ந்த கைபிடியும் முதுகில் திமிலுள்ள இருக்கையும் வைத்தால் மட்டும் அது கஃபே ரேசர் ஆகிவிடுமா?

பழைய இரும்பு:
அது கஃபே ரேசரா, கள்ளுக்கடை ரேசரா என்பது எனக்கு வேண்டாத கேள்வி. வளையம் எங்கே என்பதுதான் என் கேள்வி. தகடு பிணைக்கிறது என்கிறார் தம்பி. அவருடைய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: போல்ட்டுகளுக்குக் கீழே றப்பர் வாசர் வைத்திருக்கிறார். றப்பரின் மேல் மிதக்கின்ற தகடு எதைப் பிணைக்கும்? ஏ35 வீதியில் மூன்று வாரம் ஓடியதையும் சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம். தார் வீதியை விட்டு இறங்கி, மழைக்குப் பிறகு அலை அலையாகக் கிடக்கும் கிரவல் ஒழுங்கையில் பின்னால் ஒருவரை ஏற்றி ஓடிப் பாருங்கள். குழாய் ஒரே நாளில் முறியாது. சொக் பூட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மயிரளவு கீறல் விழுந்து, செம்மண் புழுதி அதை மூடி, ஒருநாள் தான் நினைத்த இடத்தில் முறியும். வளையம் வேண்டும்.

பரந்தன் சந்தி:
றப்பர் வாசர் அதிர்வுக்காக வைத்தது. வெல்டிங் பற்றிப் பாடம் எடுக்கும் ஐயா, சென்ற வருடம் என் வண்டியின் ஸ்ராண்டுக்கு வெல்டிங் பிடித்தபோது பற்றரி வயரைக் கழற்றாமலே வேலை செய்து, பற்றரிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ரெக்டிபயரை எரித்தவர் யார் என்பதையும் எல்லோருக்கும் சொல்லலாமே.

பழைய இரும்பு:
அந்த ரெக்டிபயர் என் வாசலுக்கு வரும்போதே செத்திருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நீங்கள்.

இரணைமடுக் காற்று:
வன்னிக்கு வண்டி என்றால் அது எம்டி 90 தான். ஜப்பானிய அஞ்சல்காரருக்காகச் செய்த அந்தச் சிவப்பு வண்டி, பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலைச் சில சொட்டுக் காபரேட்டரில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர்களுக்கு, காற்றுப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிகட்டி பூட்டும் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வேலை சிரிப்பைத்தான் தரும். தம்பியின் பிளக் கட்டாயம் வெள்ளையாகத்தான் இருக்கும். காற்றைக் கூட்டிவிட்டு, காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெற்றை மாற்றாவிட்டால் வேறு என்ன நிறம் வரும்?

பரந்தன் சந்தி:
ஜெற்றை மாற்றிவிட்டேன், பிளக் மண்நிறத்தில் இருக்கிறது. எம்டி 90 இன் பெற்றோல் தாங்கி இருக்கைக்கு அடியில் இருப்பது. அதை வைத்து ரேசர் செய்து காட்டினால் நானே வந்து மாலை போடுகிறேன்.

இரணைமடுக் காற்று:
மாலையை உங்கள் குழாய் நுனியில் தொங்கவிடுங்கள். வளையம் இல்லாத குறை தெரியாது.

பழைய இரும்பு:
மண்ணெண்ணெயில் நானும் ஓடினேன். அப்போது சட்டத்தை எவரும் வெட்டவில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். ஒன்று செய்யுங்கள், தம்பி. இருக்கையைக் கழற்றிவிட்டு, இரண்டு நுனிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதை நீங்கள் கையால் இழுத்து மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் இந்தப் பக்கமே நான் வரமாட்டேன். வளையம் வைத்த சட்டத்தில் கையால் இழுத்து ஒரு நூலளவும் அசைக்க முடியாது.

பரந்தன் சந்தி:
வண்டி ஓடும்போது இருக்கையைக் கழற்றிவிட்டு ஓடுவதில்லை, ஐயா. அளப்பதற்கு என்னிடம் அளவுநாடாவும் இல்லை. தைப்பொங்கலுக்கு முதல் வாரம் நீங்கள் வாங்கிக்கொண்டு போனது இன்னமும் உங்கள் கராஜில்தான் கிடக்கிறது.

பழைய இரும்பு:
அது என்னுடையது. நுனியில் சிவப்புப் பெயின்ற் அடித்திருக்கிறேன்.

பரந்தன் சந்தி:
அந்தச் சிவப்புப் பெயின்ற் என் பெற்றோல் தாங்கிக்கு அடித்ததில் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். வளையம் போடமாட்டேன்.

பழைய இரும்பு:
ஞாயிற்றுக்கிழமை வரும்போது வண்டியிலேயே வாருங்கள். முக்கால் அங்குலக் குழாய் வளைத்து வைத்திருக்கிறேன்.