நடைபாதையில் எலக்ட்ரிக் யூனிசைக்கிள்: முன்னால் நடக்கிறவரைத் திடுக்கிட வைக்காமல் எப்படித் தெரியப்படுத்துவது?

அகழிக்கரை:
வேலூர். காலையில கோட்டைப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வர்றவங்களோட ஒரே பாதையில வீல் (ரெண்டு பக்கமும் இருக்கிற பெடல் பலகையில நின்னு, முன்னால சாய்ஞ்சா ஓடுற, பின்னால சாய்ஞ்சா நிக்கிற ஒத்தைச் சக்கர யூனிசைக்கிள்) ஓட்டுறேன். 16 இஞ்ச் டயர், 2200 வாட் மோட்டார், எடை சுமார் 24 கிலோ. வேகம் 15 கி.மீ. தாண்டுறதில்ல. வண்டியில சத்தமே கிடையாது, அதனால பக்கத்துல போனதும் பதறிப்போறாங்க. பாதிப் பேர் அறுபதைத் தாண்டினவங்க. தடுமாறி விழுந்தா இடுப்பெலும்பு போயிடும்.

இப்ப மூணு சிக்கல். போன் செயலியில இருக்கிற ஹார்ன் பொத்தானை அழுத்தினா வீல் 'பீப்'னு கத்துது, ஆளுங்க துள்ளுறாங்க. "வலது பக்கம் வரேன்"னு வாயால சொன்னா, சரியா அந்த வலது பக்கமே நகர்றாங்க. ரெண்டு பேர் சேர்ந்து நடந்தா ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம் பிரியுறாங்க. ஹேண்டில்பார் இல்லாத வண்டியில மணியை எங்க மாட்டுறதுன்னும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி வீல்:
முதல்ல அந்தச் செயலி ஹார்னை நிறுத்துங்க. ஆளுங்க துள்ளுறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உங்க பாதுகாப்பு. பல மாடல்கள்ல வேக எச்சரிக்கையும் அதே பஸ்ஸர்லதான் வருது. மோட்டார் தன் எல்லையை நெருங்கும்போது வர்ற பீப் அது. அதைக் கேட்டதும் உடம்பு தானா பின்னால சாயணும். அதே சத்தத்தை நாள் முழுக்க நீங்களே அடிச்சுக்கிட்டிருந்தா காது மரத்துப்போகும். நிஜ எச்சரிக்கை வரும்போது அரை நொடி யோசிப்பீங்க, அதுக்குள்ள மோட்டார்ல நிமிர்த்துற சக்தி தீர்ந்து முன்னால விழுவீங்க. போதாததுக்கு புளூடூத் வழியா போற கட்டளை தாமதமாவும் போகும், போனைப் பார்க்கக் கண்ணும் பாதையை விட்டு விலகும்.

அடுத்தது தூரம். 15 கி.மீ.ன்னா நொடிக்கு 4.2 மீட்டர். நடக்கிறவர் அதே திசையில நொடிக்கு 1.2 மீட்டர் போறார். இடைவெளி நொடிக்கு 3 மீட்டர் குறையுது. மணி கேட்டு, நமக்குத்தான்னு புரிஞ்சு, திரும்பிப் பார்த்து, காலை எடுத்து வைக்க வயசானவருக்கு மூணு நாலு நொடி வேணும். அப்போ மணி 12 மீட்டர்லயே அடிச்சாகணும். கிட்டத்தட்ட ஒரு டவுன் பஸ் நீளம். பெரும்பாலானவங்க 4, 5 மீட்டர்ல அடிக்கிறாங்க. அது தகவல் கிடையாது, அதட்டல்.

உங்க பிரேக் கணக்கும் இதுலயே அடங்கணும். 15 கி.மீ.ல மூளை உணர ஒரு நொடி, 4.2 மீட்டர். மெதுவா பின்னால சாய்ஞ்சு நிறுத்த இன்னொரு 4.3 மீட்டர். மொத்தம் எட்டரை. 20 கி.மீ.ல இதே கணக்கு 13 மீட்டரைத் தாண்டிடும். 10 கி.மீ.க்கு இறங்கினா ஐந்துக்குள்ள முடிஞ்சிடும். ஆள் இருக்கிற பாதையில 10 கி.மீ.தான் சரியான வேகம், 15 அதிகம்.

பித்தளைமணி:
மணி மாட்டுற விஷயத்தை நான் சொல்றேன்.

சைக்கிள் கடையில கட்டைவிரலால சுண்டுற பித்தளை மணி கேளுங்க. கிண்ணம் 35லிருந்து 40 மி.மீ. இருக்கட்டும். இருபது சொச்சம் மி.மீ. இருக்கிற குட்டி மணி வேணாம். அதோட 'டிங்' ரொம்ப உச்ச சுருதி, வயசானவங்களுக்கு முதல்ல குறையுறதே உச்ச சுருதிதான். அலுமினியக் கிண்ணம் 'டக்'குனு அணைஞ்சிடும், பித்தளை ரீங்காரம் நீண்டு தேயும். அந்த நீண்ட ரீங்காரம்தான் முக்கியம்: சத்தம் எங்கிருந்து வருது, கிட்ட வருதான்னு காது கண்டுபிடிக்க அதுக்கு நேரம் கிடைக்குது. பழைய 60 மி.மீ. டிரிங்-டிரிங் மணி இன்னும் நல்லா கேட்கும், ஆனா கையில கட்ட கனம்.

மணியோட கிளாம்ப் 22.2 மி.மீ. குழாய்க்கு ஏத்தது. எலக்ட்ரிகல் வயரிங் பைப் 20 மி.மீ., அஞ்சு செ.மீ. துண்டு வெட்டி, முனையை உப்புத்தாளால தேய்ச்சுக்கோங்க. பழைய சைக்கிள் டியூபை ஒரு சுத்து சுத்தினா 22 வந்திடும், கிளாம்ப் கச்சிதமா பிடிக்கும். அந்தத் துண்டை இடது கையில, ஆள்காட்டி விரல் அடிமூட்டுக்குப் பின்னால, புறங்கைப் பக்கம் வர்ற மாதிரி வெச்சு 20 மி.மீ. அகல வெல்க்ரோ பட்டையால உள்ளங்கையைச் சுத்திக் கட்டுங்க. நெம்புகோல் கட்டைவிரலுக்கு நேரா வரணும். அதே கை கட்டைவிரலாலேயே சுண்டணும். வலது கையைக் கொண்டுவந்து இடது கை மணியை அடிக்கிற ஏற்பாடு வேணாம், தோள் திரும்பினா வீலும் திரும்பும்.

உள்ளங்கைக்குள்ள குழாய் வரவே கூடாது. விழும்போது முதல்ல தரையில ஊன்றுறது உள்ளங்கை, நடுவுல கெட்டிப் பொருள் இருந்தா எலும்பு உடையும். நைலான் டையும் வேணாம், இழுத்தா பிய்ஞ்சு வர்ற வெல்க்ரோதான் சரி. மணிக்கட்டுக் கவசம் போடுறவங்க அதுக்கு மேலயே கட்டலாம்.

சத்தம் செத்துப்போனா ரெண்டு காரணம்தான்: கிண்ணம் கையுறைத் துணியில உரசுது, இல்ல நடு திருகு தளர்ந்திருக்கு. துணிக்கும் கிண்ணத்துக்கும் மூணு மி.மீ. இடைவெளி விடுங்க.

பாலாத்து மணல்:
மணி அடிச்சதும் இன்னா சொல்றதுன்றதுதான் பாதி வேலை. "வலது பக்கம்"னு காதுல விழுந்தா மனுஷன் அந்தப் பக்கம்தான் போவான். நீங்க எங்க வரீங்கன்னு சொல்லாதீங்க, அவங்க இன்னா செய்யணும்னு சொல்லுங்க. "அப்படியே நடங்க தாத்தா, நான் சுத்திப் போறேன்." "அப்படியே போங்கம்மா." அவ்ளோதான். வழி விடச் சொல்லவே கூடாது, நகர வேண்டியது நாம. அவர் நேர்க்கோட்டுல நடந்துக்கிட்டே இருந்தா நமக்குத்தான் சுலபம்.

குரலை 6, 7 மீட்டர்ல குடுங்க, மணிக்கு அப்புறம். மணி இல்லாம திடீர்னு பின்னால ஆம்பளைக் குரல் கேட்டா, தனியா நடக்கிற பொண்ணுங்க பயந்துடுவாங்க. மணின்னா ஏதோ வண்டின்னு உடனே புரிஞ்சிடும்.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தமிழ் வராது. சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வங்காளத்துலேர்ந்து வந்து தங்கியிருக்கிறவங்க, வி.ஐ.டி. பசங்க, உருது பேசுற பாய் வீட்டுப் பெரியவங்க, தெலுங்குக்காரங்கன்னு கலந்து நடப்பாங்க. ஒரு மணி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆஸ்பத்திரியைச் சுத்தின தெருக்கள்ல மட்டும் மணியும் வேணாம், ஓட்டவும் வேணாம். கட்டோட, ஊன்றுகோலோட நடக்கிறவங்க சட்டுனு ஒதுங்க முடியாது. இறங்கி, வீலோட டிராலி கைப்பிடியை நீட்டி உருட்டிக்கிட்டுப் போங்க.

அகழிக்கரை:
இது புரியுது. ரெண்டு பேர் பிரியுற விஷயம்? அப்புறம், கையில மணிக்குப் பதிலா மாட்டுச் சலங்கை ரெண்டை வண்டியிலேயே தொங்கவிட்டா தொடர்ந்து சத்தம் வரும் இல்லையா?

காட்பாடி வீல்:
பிரிஞ்சா நடுவுல போகாதீங்க. எப்பவும். நடு இடம் காலியாத் தெரியும், ஆனா தனியா நின்னவர் அடுத்த நொடியே துணையோட சேர ஓடிவருவார், குறுக்க வருவார். கணவன் மனைவி, பாட்டி பேரன்னா கண்டிப்பா வருவாங்க. வேகத்தைக் குறைச்சு, அவங்க ஒரு பக்கமா சேர்ற வரைக்கும் பின்னாலேயே இருங்க. நாய்ச் சங்கிலியும் இதே மாதிரிதான்: ஆள் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம், நடுவுல சங்கிலி. இறங்கிடுங்க.

தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி. கை வீசி நடக்கிறவருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒண்ணே கால் மீட்டர் அகலம் போயிடும். அதனால பாதை இரண்டே முக்கால் மீட்டருக்குக் குறைஞ்சா இறங்கி உருட்டுறதுதான் ஒரே வழி. பெடல் மேல நிக்கும்போது நீங்க 15 செ.மீ. உயரமா வேற தெரிவீங்க, பக்கத்துல வந்தா பெரிய உருவமா இருக்கும்.

குழந்தைங்களுக்கு மணி பலிக்காது. ஒத்தைச் சக்கரத்தைப் பார்த்ததும் கிட்ட ஓடிவருவாங்க. முழுசா நிறுத்துங்க.

பித்தளைமணி:
சலங்கை நல்ல யோசனைதான், ஆனா வண்டியில தொங்கவிட்டா வேலை செய்யாது. வீல் சமன் செய்துக்கிட்டே ஓடுற வண்டி, வழவழப்பான தார்ல அதுல குலுக்கலே வராது. பேவர் பிளாக் வந்தா மட்டும் கலகலக்கும். பையில கட்டினாலும் அதே கதை. வலது மணிக்கட்டுல ரெண்டு சின்னச் சலங்கை கட்டினா கை அசையுற போதெல்லாம் ஒலிக்கும், கூட்டமான இடத்துக்கு அது ரொம்ப மென்மையான ஒலி. வேணாங்கிறப்போ ரப்பர் பேண்டால அமுக்கி வைங்க. ஐஸ் வண்டி மணி மாதிரியான கைமணி வாங்காதீங்க, பிள்ளைங்க அதை நோக்கித்தான் ஓடிவரும். காற்றடைச்ச ஹார்ன், 100 டெசிபலைத் தாண்டுற எலக்ட்ரிக் ஹார்ன் எதுவும் நடைபாதைக்கு ஆகாது. அந்த மாதிரி சத்தம் கேட்டா உடம்பு யோசிக்காமலே ஒரு பக்கம் பாயும். எந்தப் பக்கம்னு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

விடியலுக்கு முன்னாடியும் சாயங்காலமும் விளக்கு மணியை விட நல்லா வேலை செய்யும். முன்விளக்கை 5, 6 மீட்டர் தள்ளித் தரையில விழற மாதிரி சாய்ச்சு வைங்க. நீங்க நெருங்கும்போது நடக்கிறவர் காலடியில வெளிச்சம் விழும், அவரோட நிழல் முன்னால நீளும். அவரே திரும்பிப் பார்ப்பார். மினுக்குற விளக்கு வேணாம், எதிர்ல வர்றவங்களுக்குத் தூரம் கணிக்க முடியாது.

அகழிக்கரை:
10 கி.மீ.க்குக் கீழ வந்தா வீல் ஆடுது. யார் பின்னாலயாவது நடை வேகத்துல போனா நேரா நிக்க முடியல.

காட்பாடி வீல்:
செயலியில பெடல் பயன்முறையைக் கடினமாக்குங்க. மென்மையான பயன்முறையில மெதுவா போகும்போது பெடல் முன்னும் பின்னும் அமிழும், அதுவே பாதி ஆட்டம். டயர் காற்றையும் பாருங்க, அதிகமா அடிச்சா சின்னத் திருப்பத்துக்கும் துள்ளும். உங்க எடைக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவுல வைங்க.

மீதி பயிற்சி. காலியான மைதானத்துல ஆறு தண்ணி பாட்டிலை ரெண்டு ரெண்டு மீட்டர் இடைவெளியில வரிசையா வெச்சு, நடை வேகத்துல வளைஞ்சு வளைஞ்சு போங்க. முழங்காலைத் தளர்த்தி, பார்வையை அடுத்த பாட்டில்ல இல்லாம அதுக்கும் அடுத்ததுல வைங்க. இந்த வண்டி பார்க்கிற பக்கம் போகும். முன்னால நடக்கிறவர் முதுகையே முறைச்சுப் பார்த்தா அவர் மேலயே போய் மோதுவீங்க, அவருக்குப் பக்கத்துல இருக்கிற காலி இடத்தைப் பாருங்க. இது கைக்கு வர்ற வரைக்கும் கூட்டத்துக்குள்ள போகாதீங்க. டில்ட்-பேக் வேகத்தைச் செயலியில 15க்கு அமைச்சு வைங்க, மறந்து வேகம் கூடினா பெடலே பின்னால சாய்ஞ்சு நினைவுபடுத்தும்.

தோட்டப்பாளையம்:
எல்லாரும் மணியைப் பேசுறீங்க, பாதையையும் பேசணும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(யு) படி பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாம இருக்கணும்னா மோட்டாரோட முப்பது நிமிட பவர் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 0.25 கிலோவாட்டுக்குக் கீழ, உச்ச வேகம் 25 கி.மீ.க்குக் கீழ இருக்கணும், அதுக்கு அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தோட சான்றும் வேணும். 2200 வாட் வீல் இதுக்குள்ள வராது. மோட்டார் வாகனத்தை நடைபாதையில ஓட்டுறதை 2017ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தடுக்குது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற இடம். அங்க காவலர்கிட்ட முதல்லயே கேளுங்க. வேணாம்னு சொன்னா வாதம் பண்ணாம உருட்டிட்டுப் போங்க.

பாலாத்து மணல்:
தோட்டப்பாளையத்தார் சொல்றது சரி. காவலர் ஒத்துக்கிட்டாலும், நடக்கிறவங்க ஒத்துக்காத இடத்துல ஓட்டாதீங்க.

விடியற்காலையில காந்தி நகர், சத்துவாச்சாரி உள்தெருக்கள் வழியா போறவங்களுக்கு ஒண்ணு. வாசல் தெளிச்சுக் கோலம் போடுற நேரம். குனிஞ்சு புள்ளி வைக்கிறவங்க பின்னால மணி அடிச்சா கை அதிர்ந்து கோலம் கெடும், சட்டுனு நிமிர்ந்தா உங்க மேலயே இடிப்பாங்க. தெருவோட அந்தப் பக்கமா ஒதுங்கி, மணியே அடிக்காம, நடை வேகத்துல போங்க. தெளிச்ச சாணித் தண்ணியில 16 இஞ்ச் டயர் வழுக்கும், அதுக்கும் ஒதுங்குறது நல்லது.

அகழிக்கரை:
மணிக்கும் குரலுக்கும் ரெண்டுக்குமே அசையலன்னா? காதுல இயர்போன் இருந்தா?

காட்பாடி வீல்:
மூணாவது தடவை அடிக்காதீங்க. ரெண்டு தடவை கேட்கலன்னா காது கேளாதவர்னு வெச்சுக்கோங்க. அஞ்சு மீட்டர்ல நடை வேகத்துக்கு வந்திடுங்க. அகலம் இருந்தா ரெண்டு மீட்டர் தள்ளி சுத்திப் போங்க, அவர் ஓரக்கண்ணுல நீங்க மெதுவா தென்படுற மாதிரி. அகலம் இல்லன்னா இறங்கி, உருட்டிக்கிட்டே அவரைத் தாண்டி நடந்து, பத்து மீட்டர் முன்னால போய் ஏறுங்க. தாண்டினதும் வலது கையை லேசா தூக்கி "நன்றிங்க"னு சொன்னா போதும். முகம் காட்டுறதுக்காக உடம்பைத் திருப்பாதீங்க.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு மாதிரி நெடுஞ்சாலை இரைச்சல் இருக்கிற இடத்துல எல்லாரையும் இதே கணக்குல வைங்க. லாரி சத்தத்துல 40 மி.மீ. மணி அஞ்சு மீட்டர் கூடத் தாண்டாது.

பித்தளைமணி:
மழைக்காலத்துல மணியோட ஸ்பிரிங் துருப்பிடிச்சு நெம்புகோல் பாதியில நின்னுடும். அச்சுல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க. கிண்ணத்து உள்பக்கம் எண்ணெய் படக்கூடாது, பட்டா தூசி ஒட்டி ஒலி மங்கிடும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுண்டிப் பாருங்க. ரீங்காரம் நீளமா வரலன்னா நடு திருகை இறுக்குங்க.