புது 55 எச்பி வண்டி: முதல் 50 மணி நேரம் மெதுவாகவா, சுமையோடா? கரி விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

குறுவை வயல் (திருவாரூர்):
வணக்கம். மேட்டூர் திறப்பதற்குள் கோடை உழவை முடித்துவிட வேண்டும் என்று 55 எச்பி வண்டி எடுத்திருக்கிறோம். சிஆர்டிஐ என்ஜின் (கம்ப்யூட்டர் கணக்குப்படி டீசல் பீய்ச்சுகிற வகை), புகை போகிற வழியில் கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் வடிகட்டி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் 50 மணி நேரம் ஓடும்வரை டிரெய்லர் மட்டும் மாட்டு, ரொட்டவேட்டர் பக்கமே போகாதே என்கிறார்கள். டெலிவரி கொடுக்க வந்தவர் நேர் எதிராக, லோடு கொடுங்கள், சும்மா மட்டும் ஓட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு நடுவில், வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே மீட்டரில் வடிகட்டியில் கரி சேர்ந்ததைக் காட்டுகிற கரி விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. டிரைவர் பயந்துபோய் அணைத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? விளக்கு எரியும்போது அணைக்கலாமா கூடாதா?

பட்டறை ஆத்தூர்:
தம்பி, பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். லைனர் (பிஸ்டன் ஓடுகிற குழாய்), ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), பேரிங் எல்லாம் புதுசு, ஒன்றோடு ஒன்று பழக நேரம் வேண்டும். என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் முதல் வருடத்திலேயே பிஸ்டனில் கோடு விழுந்து வருகிறவை, புதுசிலேயே ஒன்பது கொத்துக் கலப்பையைக் காய்ந்த களியில் இறக்கியவைதான். பாதி த்ராட்டிலில் டிரெய்லர் ஓட்டுங்கள், லேசான வேலை செய்யுங்கள். தினமும் காலையில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், 50 மணியில் முதல் சர்வீஸ். அதற்கு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கட்டும்.

கொங்கு தோப்பு:
அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். பழைய என்ஜினுக்கே இது முழுசாகச் சரியில்லை, டிபிஎஃப் வண்டிக்குக் கெடுதல்.

ரிங் லைனரோடு படிவது சும்மா ஓடுவதால் அல்ல. எரிகிற வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் போய் அதை லைனர்மேல் தள்ள வேண்டும். லைனர் உள்ளே ஹோனிங் செய்த (சாணைக்கல்லால் தேய்த்த) குறுக்குக் கோடுகள் இருக்குமே, அதன் முனைகள் அப்போதுதான் தேய்ந்து ரிங் உட்காரும். சுமையே இல்லாமல் ஓட்டினால் அழுத்தம் போதாது, ஆயில் அந்தக் கோடுகளில் காய்ந்து கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிடும். அதற்கு அப்புறம் என்ன லோடு கொடுத்தாலும் ரிங் உட்காராது, வண்டி ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும்.

முன்பெல்லாம் அந்த ஆயில் நீலப்புகையாக சைலன்சர் வழியே போய்விடும், ஆயில் ஊற்றுகிற செலவோடு போயிற்று. இப்போது வடிகட்டி குறுக்கே நிற்கிறது. டீசல் கரியை ரீஜென், அதாவது வண்டி தானே வடிகட்டியைச் சூடாக்குகிற வேலை, எரித்துவிடும், ஆனால் ஆயில் எரிந்து மிஞ்சுகிற சாம்பலை எந்தச் சூட்டிலும் எரிக்க முடியாது, உள்ளேயே தங்கும். முதல் 50 மணியில் ரிங் சரியாக உட்காராவிட்டால் அதன் விலையை வடிகட்டியில் கொடுப்பீர்கள்.

என் கணக்கு இதுதான்: என்ஜின் சூடேறும்வரை ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள், அப்புறம் பாதியிலிருந்து முக்கால் பங்கு சுமை. ஒரே ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஓட்டாமல் கியரையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். புழுதியில் ரொட்டவேட்டர் தாராளமாக ஓட்டலாம், ஆழத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.

பட்டறை ஆத்தூர்:
நீங்கள் சொல்கிற ரிங் கணக்கு புத்தகத்தில் சரி. ஆனால் பாதி சுமை, முக்கால் சுமை என்று டிரைவர் எப்படி அளப்பான்? கேட்டவர் டெல்டாக்காரர். குறுவைக்குக் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்குவார்கள். வண்டி அடிவரை புதையும், ஆர்பிஎம் 1200க்கு விழும், அப்போதும் கியரைக் குறைக்காமல் அப்படியே மிதித்துப் பிடிப்பான். புது பேரிங்கில் அந்த அடி விழக்கூடாது என்றுதான் லேசான வேலை கொடுங்கள் என்கிறோம்.

கொங்கு தோப்பு:
அப்படியானால் திணற விடாதே என்று சொல்லுங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் முழுச் சுமை எந்த வயது என்ஜினுக்கும் விஷம். ஆனால் சுமையே கொடுக்காதே என்றால் டிரைவர் என்ன செய்கிறான்? களத்து மேட்டில் வண்டியை ஸ்லோவில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறான், கேட்டால் வண்டி பழகுகிறது என்கிறான். நான் பயப்படுவது அதற்குத்தான்.

வாடகை வண்டி (விழுப்புரம்):
இரண்டு பேருமே சொந்த நிலத்துக்காரர்கள் மாதிரி பேசுகிறீர்கள். நான் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிறேன், பேலரும் ரொட்டவேட்டரும். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருக்கும்போது ரீஜென் வந்துவிடும். சைலன்சர் பக்கம் கை வைக்க முடியாது, கீழே முழுக்கக் காய்ந்த வைக்கோல். பயந்து ரீஜெனை நிறுத்துகிற தடுப்பு ஸ்விட்சை அழுத்திவிடுவேன். அடுத்த வயலுக்குப் போனால் மறுபடி விளக்கு. நிறுத்தி வைத்து எரி என்கிறது வண்டி, அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணிக்கு வயல்காரர் பணம் தருவாரா? டீசல் என்னுடையது, நேரம் என்னுடையது.

எங்கள் பக்கம் லேப்டாப்போடு வந்து டிபிஎஃப்பைக் கழற்றி, மேப்பிங்கை (என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை) மாற்றிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கழற்றியவர்கள் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். புதுசாக எடுத்தவர் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

சஸ்காட்சுவான் தமிழ்:
நான் கனடாவில் பண்ணை இயந்திரங்களுக்குச் சர்வீஸ் பார்க்கிறேன். இந்தச் சண்டை இங்கே பழசு. அமெரிக்காவில் 25 முதல் 75 எச்பிவரை புகைத்தூள் வரம்பை 2013ல் இறுக்கினார்கள், அதனால்தான் சின்ன டிராக்டர்களில் 25ஐத் தொடாமல் 24 சொச்சத்தில் இத்தனை மாடல்கள். நம் ஊரில் 2023 ஜனவரியிலிருந்து 50 எச்பிக்கு மேல் டிரெம் 4 என்கிற டிராக்டர் புகை விதி. அதன் வரம்புக்குள் வரத்தான் இந்த வடிகட்டி.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். புகைச்சூடு 250, 300 டிகிரியைத் தாண்டினாலே வடிகட்டியில் உள்ள கரி மெதுவாகத் தானாக எரியத் தொடங்கும். நல்ல சுமையில் பிடிஓ (பின்னால் கருவியைச் சுழற்றுகிற தண்டு) வேலை செய்தால் அந்தச் சூடு கிடைக்கும். ஸ்லோவில் ஓடும்போது 150ஐத் தாண்டுவதே அரிது, கரி சேர மட்டும் சேரும். அளவுக்கு மேல் சேர்ந்தால் கம்ப்யூட்டர் தாமதமாகக் கொஞ்சம் டீசல் பீய்ச்சி, அதை வினையூக்கியில் எரித்து வடிகட்டியை 600 டிகிரி பக்கம் கொண்டுபோகும். ரீஜென் என்பது இதுதான்.

வாடகை வண்டி அண்ணன் வைக்கோலில் தடுப்பு ஸ்விட்சை அழுத்தியது மிகச் சரி. ஸ்விட்ச் இருப்பதே அதற்காக. கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த சருகு எதன்மேலும் ரீஜென் வேண்டாம். ஆனால் வெளியே வந்ததும் ஸ்விட்சை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து நாள்கணக்கில் ஓட்டினால் கரி எல்லை மீறி, கடைசியில் கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிடும். அதற்கு அப்புறம் ஷோரூம் லேப்டாப் இல்லாமல் வேலை நடக்காது.

இன்னொன்று, பாதியில் அணைப்பது. எரிக்கப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் லைனர் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பப் பாதியில் நின்றால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பீய்ச்சும், ஆயில் நீர்த்துப்போகும். காலையில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். துணியில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். ஆயில் குறையவே இல்லை, நல்ல வண்டி என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறையாததைவிட ஏறுவதுதான் ஆபத்து, அந்த ஆயிலில் பேரிங் ரொம்ப நாள் தாங்காது.

கழற்றும் யோசனையை நான் எதிர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது, வாரண்டியும் போகும். அதைவிட முக்கியம், அந்தக் கரியைச் சுவாசிப்பது வண்டியில் உட்கார்ந்திருக்கும் டிரைவரும் பின்னால் வைக்கோல் தூக்குகிறவர்களும்தான். சரியாக ஓடுகிற டிபிஎஃப் வண்டியின் புகைக்குழாய்க்குள், ஆறிய பிறகு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கரி ஒட்டாது. கறுப்பாக ஒட்டினால் வடிகட்டி உள்ளே உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாடகை வண்டி (விழுப்புரம்):
விரலில் கரி ஒட்டுகிறதா என்பதல்ல என் பிரச்சினை. அறுவடை நேரத்தில் பவர் குறைந்து நின்ற வண்டிக்கு லேப்டாப் கொண்டு வர மூன்று நாள் ஆக்கினார்கள். பேலர் வெயிலில் நின்றது, வயல்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார், அடுத்த போகத்துக்கும் அவர் என்னை அழைக்கவில்லை. விதி போட்டவர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் அந்தக் கருவி இருக்க வேண்டும் என்றும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, அதன் செலவு முழுவதும் கடன் கட்டுகிறவன் தலையில் விழுவதைத்தான் சொல்கிறேன்.

பட்டறை ஆத்தூர்:
இதில் நான் வாடகை வண்டி பக்கம். எங்கள் மாதிரி பட்டறைகளுக்கு அந்த மென்பொருளைக் கொடுப்பதில்லை. வண்டி வந்து நின்றால் பிரஷர் சென்சாருக்குப் போகிற சின்ன ஹோஸ் அடைத்திருக்கிறதா, எங்காவது காற்று கசிகிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. கழற்றச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், ஆனால் அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆயில் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். டாப்-அப் செய்ய வீட்டில் பழைய வண்டிக்கு வாங்கி வைத்த சிஐ-4 தர ஆயிலை ஊற்றாதீர்கள். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த சிஜே-4 அல்லது சிகே-4 வேண்டும், அதில் சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. டப்பாவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கடைக்காரர் வாக்கை நம்ப வேண்டாம்.

குறுவை வயல் (திருவாரூர்):
எல்லோருக்கும் நன்றி. ஷோரூமிலிருந்து வந்து பார்த்தார்கள். டெலிவரிக்கு முன்பு யார்டில் அடிக்கடி ஸ்டார்ட் செய்து நகர்த்தியதிலேயே கரி சேர்ந்திருக்கலாம் என்றார்கள். வண்டியைக் கட்டாந்தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் பிடிஓவை எடுத்துவிட்டு ரீஜென் செய்தார்கள். பெயின்ட் கருகுகிற மாதிரி வாடை வந்தது, முதல் தடவை அப்படித்தான் வரும் என்றார்கள். விளக்கு போய்விட்டது. புகையைச் சுத்தம் செய்ய இதற்கு யூரியா தண்ணீரும் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறாரே, உண்மையா?

சஸ்காட்சுவான் தமிழ்:
உங்கள் 55 எச்பிக்குத் தேவைப்படாது. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 75 எச்பி சுமாருக்கு மேல்தான் அவ்வளவு கடுமை, அங்கேதான் யூரியா டேங்க் வரும். உங்கள் வண்டியில் டீசல் மூடியைத் தவிர நீல மூடி இல்லை என்றால் விஷயம் முடிந்தது. எங்காவது ஊற்றிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், டீசல் டேங்கில் அது விழுந்தால் பம்பும் இன்ஜெக்டரும் போய்விடும்.

சாம்பல் சுத்தம் செய்வது பற்றியும் கவலைப்படாதீர்கள். அமெரிக்க விதிப்படி இந்த அளவு என்ஜினில் 3000 மணி நேரத்துக்கு முன்பு வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லவே கூடாது. உங்கள் கையேட்டிலும் மணிக்கணக்கு போட்டிருக்கும், பாருங்கள்.

கொங்கு தோப்பு:
டிரைவரிடம் ஒன்றை மட்டும் பழக்கிவிடுங்கள். கனமான வேலை முடிந்ததும் டர்போ ஆற இரண்டு மூன்று நிமிடம் ஸ்லோவில் விட்டு அணைக்க வேண்டும். அதைத் தாண்டி ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் வடிகட்டியில் கரிதான். செல்ஃப் அடித்தால் பேட்டரி போய்விடும் என்று சாப்பாட்டு நேரம் முழுக்க ஓட விடுகிறார்கள், புது பேட்டரிக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

பட்டறை ஆத்தூர்:
அது சரி. ஆனால் கேஜ் வீல் விஷயத்தில் நான் மாறவில்லை தம்பி. முதல் ஆயில் மாற்றும்வரை சேற்றில் இறக்க வேண்டாம். முடிந்தால் 25 மணியிலேயே ஆயிலை இறக்கிவிடுங்கள், புது என்ஜின் தூள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

கொங்கு தோப்பு:
அதில் அவசரப்படாதீர்கள். சில கம்பெனிகள் ரிங் உட்காருவதற்கென்றே முதலில் தனி ஆயில் ஊற்றி அனுப்புகின்றன, சீக்கிரம் மாற்றினால் அந்தப் பலன் போய்விடும். கையேட்டில் 50 என்றால் 50, 100 என்றால் 100.

குறுவை வயல் (திருவாரூர்):
கையேட்டில் 50 என்றுதான் இருக்கிறது. அதுவரை ரொட்டவேட்டரை மேலாக விட்டுக் கோடை உழவு ஓட்டுகிறோம், சேற்று உழவுக்கு இந்த முறை பழைய வண்டி இறங்கட்டும். கழற்றுவதைப் பற்றி வீட்டில் பேசினோம், அப்பாவும் வேண்டாம் என்றுவிட்டார். தாலுகாவுக்கு ஒரு லேப்டாப் என்று வாடகை வண்டி அண்ணன் சொன்னதை எங்கள் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன், விழுப்புரத்திலும் கொடுங்கள்.