மைசீக்வல் பிறந்த நாளிலிருந்தே திறமூலமா?

பழையசர்வர்:
மைசீக்வல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களைப் பற்றி மேலே ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “1995 முதலே மைசீக்வல் திறமூலம். போஸ்ட்கிரெஸ் அதைப் பார்த்துப் பின்னால் வந்தது.” இரண்டு வரி, இரண்டும் தப்பு. போஸ்ட்கிரெஸ் வேலை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இலேயே தொடங்கிவிட்டது. நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று அனுமதிக்கும் திறமூல உரிமமான ஜிபிஎல்லுக்கு மைசீக்வல் வந்தது 2000இல்.

டால்பின்:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். 2000க்கு முன்பே மூல நிரல் எல்லோர் கையிலும் கிடைத்தது. பிறகென்ன?

பழையசர்வர்:
கண்ணாடி வழியே தெரிந்தால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தமா? விற்பதற்குக் கட்டுப்பாடு போட்ட உரிமம் அது. 2000.

டால்பின்:
உங்கள் போஸ்ட்கிரெஸை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டி விற்கலாம். அமேசானின் ரெட்ஷிஃப்ட் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 8.0.2 பதிப்பிலிருந்து கிளைத்ததுதானே? அதன் மூல நிரலை எங்கே காட்டுகிறார்கள்? ஜிபிஎல் நிரலை மாற்றி விநியோகித்தால் மாற்றத்தையும் கொடுத்தாக வேண்டும்.

நிரலெலி:
கொடுக்க வேண்டியது ஊரார்தான். பதிப்புரிமை வைத்திருக்கும் நிறுவனம் அதே நிரலை வணிக உரிமத்தில் காசுக்கு விற்கும். திருத்தம் அனுப்புகிறவரிடம் முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது எதற்காம்? மைசீக்வல் நிறுவனத்தை 2008இல் சன் என்ற கணினி நிறுவனம் வாங்கியது, ஏறத்தாழ நூறு கோடி டாலர். 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. போஸ்ட்கிரெஸை அப்படி விலை பேச, எதிரே உட்கார உரிமையாளர் என்று ஒருவர் இல்லை.

பழையசர்வர்:
எல்லாம் சரி. 2000.

கல்மரம்:
அது “மைசீக்வல்” இல்லை ஐயா, “மை எஸ் கியூ எல்”. கையேட்டிலேயே இருக்கிறது.

டால்பின்:
“மை சீக்வல்” என்றாலும் பரவாயில்லை என்று அதே வாக்கியத்தில் இருக்கிறது. பாதியோடு எழுந்துவிடுவீர்களா?

பழையசர்வர்:
பாதியோடு எழுந்துகொள்வது மைசீக்வலின் வழக்கம். எழுத்துக்கு நான்கு பைட் வரை போகும் யூடிஎஃப்8 குறிமுறையின் பெயரை வைத்துவிட்டு மூன்று பைட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு முறை இல்லாத பழைய அமைப்பில் வாக்கியத்தின் நடுவே ஒரு சிரிப்பு முகத்தை இட்டுப் பாருங்கள்: முகமும் போகும், அதற்குப் பின்னால் எழுதியதும் போகும். மூலையில் ஓர் எச்சரிக்கை மட்டும் கிடக்கும். இடும் மதிப்பு சரியா என்று சோதிக்கச் சொல்லும் செக் நிபந்தனை? 8.0.16 பதிப்பு வரும் வரை மரியாதையாக வாங்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் விட்டது.

டால்பின்:
போஸ்ட்கிரெஸில் பழைய தரவைத் துப்புரவு செய்யும் வேக்கூம் பற்றிய இழையில் உங்களை மடக்கினேனே, அந்தப் பழியா இது? 32 பிட் பரிவர்த்தனை எண் தீரப்போகிறது என்று எழுத மறுத்து நிற்கும் தரவுத்தளம் எது?

பழையசர்வர்:
மடக்கியதாக நீங்களே அறிவித்துக்கொண்டீர்கள். அந்த எண்களை மீட்டுத்தரும் வேக்கூமை ஓடவிடாமல் தடுத்துவைத்தால் அது என்ன செய்யும்?

நிரலெலி:
சண்டையில் மரியாடிபியை மறந்துவிட்டீர்கள். மைசீக்வலை உருவாக்கியவர்களில் ஒருவரான விடேனியஸே 2009இல் அதிலிருந்து அதைக் கிளை பிரித்துக்கொண்டு போனார்.

டால்பின்:
பிரிக்க முடிந்தது ஜிபிஎல் இருந்ததால். என் பக்கம் பேசியதற்கு நன்றி.

நிரலெலி:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை.

பழையசர்வர்:
அந்த ஜிபிஎல் வந்தது எந்த ஆண்டு?

டால்பின்:
உங்களுக்கு வேறு எண்ணே தெரியாதா?

பழையசர்வர்:
தெரியும். 1986.