புதிய ரேடியோ செற்றைக் காரின் சொந்த அம்ப்ளிஃபயருடன் இணைப்பது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியான டொயோட்டா கார். அதனோடு வந்த ரேடியோ ஜப்பானிய அலைவரிசையான 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டுமே எடுக்கும் என்பதால், அதற்கு மேலே ஒலிபரப்பாகும் நம் வானொலிகள் எதையும் கேட்க முடியாமல், சென்ற மாதம் ஒரு கடையில் ஒன்பது அங்குல ஆண்ட்ரொயிட் செற் ஒன்றைப் பூட்டினேன். இந்தக் காரில் தயாரிப்பிலேயே பூட்டப்பட்ட தனி அம்ப்ளிஃபயரும் ஜேபிஎல் ஸ்பீக்கர்களும் உள்ளன.

செற்றின் திரை ஒளிர்ந்ததே தவிர, முதலில் சத்தமே வரவில்லை. கடைக்காரர் சில வயர்களை மாற்றிக் கொடுத்த பின்னர் சத்தம் வந்தது. ஆனால் ஒலியளவைச் சற்றுக் கூட்டினாலே பாடுபவரின் குரல் கரகரவென்று உடைகிறது, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறது. போதாக்குறைக்கு, வெள்ளி மாலை நிறுத்திய காரைத் திங்கட்கிழமை காலை எடுக்கப் போனபோது பற்றரி முற்றாக இறங்கியிருந்தது. அம்ப்ளிஃபயர் பழுது, அதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர்களை நேரடியாகச் செற்றுக்குக் கொடுப்போம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில் 1 (கொட்டாஞ்சேனை)

தம்பி, அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்ப்ளிஃபயர் நன்றாகவே இருக்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டியதைத்தான் சரியாகக் கொடுக்கவில்லை.

முதலில் பற்றரி. இந்த வகை அம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் பற்றரியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும், ஆனால் செற்றிடமிருந்து ஒரு 12 வோல்ற் சமிக்ஞை வரும்வரை அது உறங்கும். புதிய செற்களில் அந்தச் சமிக்ஞையைத் தருவது நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர். கோடில்லாத தனி நீல வயர் அன்டெனாவுக்கு உரியது. அவசரத்தில் அதைக் கொடுத்துவிட்டால் சில செற்களில் ரேடியோ போகும்போது சத்தம் வரும், புளூடூத்துக்கு மாறியதும் நின்றுவிடும். உங்கள் காரில் நிரந்தர மின்சாரமான மஞ்சள் வயரோடு அம்ப்ளிஃபயரை விழிக்க வைக்கும் வயரைச் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் திறப்பைக் கழற்றிய பின்னும் அம்ப்ளிஃபயர் இரவும் பகலும் விழித்தே இருக்கும். மல்டிமீற்றரை நேரோட்டம் 20 வோல்ற் அளவில் வைத்து, கறுப்பு முனையைக் காரின் உடலிலும் சிவப்பு முனையை அம்ப்ளிஃபயரை விழிக்க வைக்கும் வயரிலும் பிடியுங்கள். செற் இயங்கும்போது 12 வோல்ற்றும் நிறுத்தியதும் சுழியமும் காட்ட வேண்டும்.

இனிக் குரல் உடைவது. செற்றின் ஸ்பீக்கர் வயர்களையே அம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் கொடுத்திருக்கிறார்கள். அந்த வெளியீடு 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்கு 20 வாற்று கொடுக்கும் நேரத்தில் ஏறத்தாழ 9 வோல்ற் இருக்கும். இத்தகைய அம்ப்ளிஃபயர் பலவும் எதிர்பார்ப்பதோ ஓரிரு வோல்ற் சமிக்ஞை. ஒருவர் காதருகே வாயை வைத்துக் கத்தினால் சொல் விளங்காதது போலத்தான் இதுவும். செற்றின் பின்புறம் அம்ப்ளிஃபயருக்கென்றே குறைந்த வோல்ற் சமிக்ஞை தரும் ஆர்சிஏ வெளியீடுகள் இருக்கும், அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆர்சிஏ இல்லாவிட்டால், ஸ்பீக்கர் வெளியீட்டைக் குறைத்துத் தரும் லைன் அவுட்புட் கன்வேர்ட்டர் ஒன்றை இடையில் போடலாம். வயரை வெட்டி முறுக்குவதைவிட, உங்கள் காரின் மாதிரிக்கென்றே செய்த இணைப்புத் தொகுதியைத் தேடுவது நல்லது. உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிடைக்காவிட்டாலும் இணையத்தில் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். செற்றின் ஸ்பீக்கர் வயர்களில் கறுப்புக் கோடு போட்டது மறை வயர்தான், ஆனால் அது ஏர்த் (காரின் உடலோடு இணைக்கும் வயர்) அல்ல. நேர், மறை இரண்டிலுமே பற்றரியின் பாதியளவு, அதாவது 6 வோல்ற் வரை நிற்கும். அதைக் காரின் உடலோடு தொடுத்தால் செற்றின் வெளியீட்டுச் சிப் எரிந்துபோகலாம்.

பதில் 2 (தெஹிவளை)

அம்ப்ளிஃபயரைக் கழற்றினால் இன்னொரு சிக்கலும் வரும். இத்தகைய கார்களில் பல வேளைகளில் 2 ஓம் ஸ்பீக்கர்களையே போடுவார்கள், சந்தையில் விற்கும் செற்களில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கருக்கென்று செய்யப்பட்டவை. நேரடியாகக் கொடுத்தால் செற் சூடாகி இடையிடையே நின்றுபோகும். ஒரு கதவு ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தடையை அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும், 2 ஓம் ஸ்பீக்கர் 2 ஓமுக்குக் கீழே காட்டும். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் வேலையையும் அந்த அம்ப்ளிஃபயரே செய்யக்கூடும். அதை எடுத்துவிட்டால் அந்தப் பிரிப்பும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா சொன்னது போலவே நீல-வெள்ளை வயர் டேப் சுற்றியபடி சும்மா கிடந்தது. அம்ப்ளிஃபயரின் வயர் மஞ்சளோடு முறுக்கப்பட்டிருந்தது. மாற்றிய பின் மூன்று நாள் நிறுத்தி வைத்தும் கார் ஒரே தடவையில் இயங்கியது. கதவு ஸ்பீக்கர் 1.8 ஓம் காட்டியது. இணைப்புத் தொகுதி வாங்கி ஆர்சிஏ வழியாகக் கொடுத்ததும் குரல் தெளிவாகிவிட்டது. ஆனால் இப்போது எக்சலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஈஈ’ என்றொரு மெல்லிய ஊளை கூடவே ஏறுகிறது.

பதில் 1

அது பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்டர்னேட்டரின் இரைச்சல், தம்பி. செற்றுக்கும் அம்ப்ளிஃபயருக்கும் ஏர்த் வெவ்வேறு இடத்தில் இருந்து, இரண்டுக்கும் இடையே சிறு வோல்ற்றளவு வித்தியாசம் ஏற்படும்போது அது ஆர்சிஏ வயரின் வெளிக்கவசம் வழியாக உள்ளே புகும். செற்றின் ஏர்த்தான கறுப்பு வயரை எங்கே முடுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஆர்சிஏ வயர் மின்சார வயரை ஒட்டிச் சென்றால் சற்று விலக்குங்கள். இரண்டையும் செய்தும் போகாவிட்டால் மட்டும், ஆர்சிஏ வழியான ஏர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம். மலிவானவை தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

கறுப்பு வயரைப் பெயின்ட் பூசிய தாங்கி ஒன்றின்மேல் அப்படியே முடுக்கியிருந்தார்கள். அந்த இடத்தைச் சாண்ட் பேப்பரால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து மீண்டும் முடுக்கினேன். நேற்று இரவு காலி வீதியில் மொறட்டுவை வரை போய்வந்தேன், ஊளை இல்லை.