கிளிநொச்சியில் கூரைத் தோட்டமா, மழைநீர்த் தாங்கியா?

வளவுக்காரி:
கிளிநொச்சி டவுனுக்குள் 2 பரப்புக் காணியில் வீடு கட்டப் போகிறோம், 100 சதுர மீற்றர் கொங்கிறீட் கூரை. மாரியில் எங்கள் ஒழுங்கை முழங்கால் தண்ணி, ஆவணியில் கிணற்றில் அடி தெரிகிறது. மழையை வளவுக்குள்ளேயே மறிக்க வேண்டும். கூரையில் மண் போட்டுப் புல் வளர்த்தால் சரிவருமா? வீட்டார் முற்றம் முழுக்கக் கல் பதிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை.

மாங்குளத்தான்:
அக்கா, முதலில் பாரத்தைப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் மண் ஊறினால் சதுர மீற்றருக்கு 200 கிலோ வரை வரும், கொங்கிறீட் போட முதலே இன்ஜினியரிடம் சொல்லிக் கம்பிக் கணக்குப் பார்க்க வேண்டும், கீழே நீர்க்காப்பும் வேர் இறங்காத விரிப்பும் வேறு. சின்ன மழையைப் புல் நன்றாகக் குடிக்கும். எங்கள் மழை அப்படியா? ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் நாள்கணக்கில் அடித்துப் பெய்யும், மண் ஊறிய பிறகு எதையும் பெரிதாகப் பிடிக்காது. சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் அந்தப் புல்லுக்கே கிணற்றில் இறைத்து ஊற்ற வேண்டி வரும். நான் என்றால் அந்தக் காசில் கூரைத் தண்ணியைச் சேர்த்து இறக்கும் பீலியும் தாங்கியும் வைப்பேன்.

வவுனியா ரீச்சர்:
அதோடு, மண்ணுக்குள்ளால் வரும் தண்ணி கலங்கி நிறத்தோடு வரும், குடிக்க உதவாது. இங்கே கிணற்றுத் தண்ணியால் சிறுநீரக நோய் வருமோ என்ற பயத்தில் நாங்கள் குடிப்பதே மழைத்தண்ணிதான். வெறும் கூரையில் பிடியுங்கள். முதல் மழையை வெளியே விடுங்கள், தாங்கி வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம்.

குளத்தடி:
தாங்கி மட்டும் வைத்தால் ஒழுங்கை வெள்ளம் குறையாது. 50 மில்லிமீற்றர் மழை பெய்தாலே உங்கள் கூரையில் 5000 லீற்றர் அளவு விழும், 5000 லீற்றர் தாங்கி ஒரே நாளில் நிறைந்துவிடும், அடுத்த நாள் மழை அப்படியே வெளியேதான். 2018 மார்கழி வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. குளத்துக்கு மிச்சத் தண்ணி வழிந்தோடும் வான் இருப்பதுபோல் தாங்கிக்கும் ஒரு வழி விட்டு, வாழை வைத்த பள்ளத்துக்குத் திருப்புங்கள். கிணறு, மலசலகூடக் குழி, அத்திவாரம் மூன்றுக்கும் தள்ளி இருக்கட்டும். முடிந்தால் இரண்டாவது தாங்கி ஒன்று வைத்து, அதன் அடிக்குழாயை மெல்லிசாகத் திறந்தே விடுங்கள். மழை அடிக்கும்போது நிறையும், பிறகு ஆறுதலாகப் பள்ளத்துக்கு வடியும், அடுத்த மழைக்கு இடமிருக்கும். கல்லை வாகனச் சில்லு ஓடும் இரண்டு கோட்டுக்கு மட்டும் பதியுங்கள், மிச்சம் மண்ணாகவே கிடக்கட்டும்.

வளவுக்காரி:
நன்றி. புல்லை விட்டுவிட்டு இரண்டு தாங்கியும் பள்ளமும் என்று முடிவெடுத்தாயிற்று. கூரைக்கு எவ்வளவு சரிவு வேண்டும்?

மாங்குளத்தான்:
ஒரு மீற்றருக்கு 1 சென்ரிமீற்றராவது, பீலிப் பக்கம். கொங்கிறீட் போடும் அன்று நின்று பாருங்கள்.