காலேஜ் வந்தா ஊருக்கு என்ன கிடைக்குது? சேலம் பக்கத்து ஆளுங்க உங்க அனுபவம் சொல்லுங்க

ஓமலூரான்

எங்க பக்கத்துல ஒரு காலேஜுக்கு இடம் பார்க்கிறாங்கன்னு பேச்சு கிளம்புச்சு. பேச்சுதான், இன்னும் ஒரு கல்லுகூட நடல. அதுக்குள்ள சென்ட் விலை எவ்வளவு போகும், கடை வாடகை எவ்வளவு வாங்கலாம்னு ஆளாளுக்குக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கு.

கருப்பூரைப் பாருங்க. அரசு பொறியியல் கல்லூரி 1966-ல ஆரம்பிச்சது. 1997-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்து பிரிச்சு பெரியார் பல்கலைக்கழகம் வந்துச்சு. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டமும் அதுக்குக் கீழ. அங்க கடை இருக்கு, ரூம் இருக்கு, நாலு குடும்பம் பொழைக்குது. ஆனா பைபாஸ் ஓரத்துல இருக்கிற சில தனியார் காலேஜ் வாசல்ல, கட்டடம் மலை மாதிரி நின்னாலும், ஒரு டீக்கடையும் பஞ்சர் கடையும்தான். ஏன் இப்படி? கடை வச்சவங்க, வீடு வாடகைக்கு விட்டவங்க, நிலம் வித்தவங்க இருந்தா சொல்லுங்க. மேடைப்பேச்சு வேணாம்.

மெஸ் அக்கா, கருப்பூர்

நான் சொல்றேன் தம்பி. வீட்டு முன்னாடி ஷீட் போட்டு மெஸ் நடத்துறோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டிட்டு இருந்தவரு, முதுகு போனதும் அவரும் கல்லாவுல உக்காந்துட்டாரு. சாப்பிட வர்ற பசங்க பாதிப்பேருக்கு மேல பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்துப் பசங்க. தினம் வீட்டுக்குப் போய்ட்டு வர முடியாது. அவங்க அப்பா அம்மா காட்டுல சம்பாதிக்கிற காசு எங்க அடுப்புக்கு வருது.

டிகிரி, பி.ஜி. பசங்க மாசக் கணக்கை ஓரளவு ஒழுங்கா குடுத்துருவாங்க. பிஎச்.டி. பசங்கதான் வேற மாதிரி. ஃபெல்லோஷிப் மாசாமாசம் வராது, வந்தா மொத்தமா வரும். அதுவரைக்கும் லாங் சைஸ் நோட்டுல எழுதிக்கிட்டே போகணும். தேதி, காலை இட்லி நாலு, ஆஃப்பாயில் ஒண்ணு, மத்தியானம் சாப்பாடுன்னு. இதே மாதிரி மளிகைக் கடைக்காரர்கிட்ட என் பேர்ல ஒரு நோட்டு இருக்கு. ரெண்டு நோட்டும் ஒண்ணா ஏறும், ஒண்ணா இறங்கும். பசங்களுக்குப் பணம் வந்த வாரம் நான் மளிகைக்காரரைப் பார்த்து நல்லா சிரிப்பேன்.

காய் சூரமங்கலம் உழவர் சந்தையில எடுக்கிறோம். முட்டை நாமக்கல் வண்டி வாசலுக்கே வரும். பால் ஆவின். பாத்திரம் கழுவ, காய் நறுக்க பக்கத்துத் தெரு பொம்பளைங்க ரெண்டு பேர் வர்றாங்க. முன்ன வெள்ளக்கல்லு மைன்ஸ் பக்கம் கூலிக்குப் போய்ட்டிருந்தவங்க. வெளியூருக்குப் போற காசுன்னா கேஸ்தான், அந்த 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். அது விலை ஏறுற அன்னிக்கு எங்க வீட்ல சண்டை நிச்சயம்.

மே மாசம் ஒண்ணும் இருக்காது. அதை எதிர்பார்த்துதான் ஏப்ரல்ல சேர்த்து வைப்போம். 2020 மார்ச்சுல மூடினப்போ அந்த மாதிரி ஒரு லீவுன்னுதான் நெனச்சோம். மாசக்கணக்கா நீண்டுது. அடகு வச்ச நகையில ஒரு செயின் இன்னும் திரும்பல. ஆனா ஒண்ணு சொல்லணும், நோட்டுல பாக்கி இருந்த பசங்க ஊர்ல இருந்தே ஜிபேல அனுப்பினாங்க. எல்லாரும் இல்ல. நெறைய பேர்.

தாரமங்கலம் ரோட்டுக்காரர்

அக்கா சொல்றது வெளியூர்ப் பசங்க வெளியில தங்குற ஊரோட கதை. எங்க ஊர்க் கதை வேற.

எங்க சோளக்காட்டை அப்பா காலத்துல ஒரு காலேஜுக்குக் குடுத்தோம். பேர் வேணாம். நல்ல விலைதான் குடுத்தாங்க, குறை சொல்லக் கூடாது. அந்தப் பணத்துல அக்கா கல்யாணம் முடிஞ்சுது, மிச்சத்துல நான் ஒரு ஆம்னி வேன் வாங்கினேன், காலேஜ் பசங்களை ஏத்தி இறக்கலாம்னு. அடுத்த வருஷமே காலேஜ் சொந்த பஸ் விட்டுது. எடப்பாடி, மேட்டூர், ராசிபுரம், ஆத்தூர்னு எல்லா ரூட்டுக்கும். காலையில வண்டி நேரா கேட்டுக்குள்ள போகும். சாயங்காலம் கேட்டைத் தாண்டி நேரா ரோடு ஏறும். எங்க ஊர் மண்ணை மிதிக்கிற பையன் ஒருத்தன் கிடையாது.

உள்ளயே கேன்டீன், உள்ளயே ஸ்டேஷனரி, உள்ளயே யூனிஃபார்ம், முடிவெட்டற கடைகூட உள்ளதான். ஹாஸ்டல் மெஸ் வெளியூர் கான்ட்ராக்டர், அவர் அரிசியும் எண்ணெயும் அவர் ஊர்லருந்தே லாரியில கொண்டாந்துடுவாரு. தக்காளி எங்க தோட்டத்துல காய்ச்சுத் தொங்குது, காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் வேற ஊர்த் தக்காளி சாம்பார். எங்க ஊருக்குக் கிடைச்சதுன்னா, கூட்டிப் பெருக்க இருபது முப்பது பொம்பளைங்களுக்கு வேலை, அதுவும் ஏஜென்சி மூலமா. அப்புறம் தார் ரோடு. ரோடு நல்ல ரோடுங்க, மறைக்கக் கூடாது. அதுல போறது பூரா அவங்க பஸ்தான்.

செர்ரி ரோடு ஜெராக்ஸ்

கலைக்கல்லூரிக்குப் பக்கத்துல கடை. 1857-ல ஸ்கூலா ஆரம்பிச்சு வளர்ந்த இடம் அது, எங்க தாத்தா காலத்துலயும் அதை நம்பி புஸ்தகக் கடை இருந்துச்சாம். என் காலத்துல ஜெராக்ஸ். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கடை பூட்ட முடியாது. மைக்ரோ ஜெராக்ஸ் கேட்டு வருவானுங்க, ஒரு பக்கத்தைத் தீப்பெட்டி சைஸுக்குச் சுருக்கித் தரணும். எதுக்குன்னு நானும் கேக்க மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான்.

வாட்ஸ்அப்ல பி.டி.எஃப். வந்ததும் நோட்ஸ் ஜெராக்ஸ் பாதியா போச்சு. இப்ப என்னைக் காப்பாத்துறது மார்ச், ஏப்ரல் பிராஜெக்ட் பைண்டிங். கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, ஒரு ஆளுக்கு மூணு காப்பி. அதுபோக ஸ்காலர்ஷிப், காலேஜ் பொண்ணுங்களுக்கு அரசாங்கம் மாசம் ஆயிரம் குடுக்கிற புதுமைப்பெண் மாதிரி விண்ணப்பத்துக்கு ஆதார், பாஸ்புக் ஸ்கேன் பண்ண வர்ற பொண்ணுங்க. 2022-ல அந்தத் திட்டம் வந்த புதுசுல வரிசை கட்டி நின்னாங்க. மாசம் அந்த ஆயிரம் ரூபாயில ஃபேன்சி ஸ்டோர்க்காரருக்கும் டிஃபன் கடைக்கும் ஒரு பங்கு போகுதுங்கறது என் கண்ணால பாக்கிறது.

பொருளியல் வாத்தியார்

எல்லாரும் சொன்னதைப் படித்தேன். வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இங்கேயே கிடக்கிறது, கொஞ்சம் கோத்துச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரியால் ஊருக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்குப் போடும் முறையை 1971-லேயே அமெரிக்கக் கல்விக் கவுன்சில் வெளியிட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் "எங்களால் இத்தனை கோடி" என்று அறிக்கை விடுகின்றன. அந்தக் கோடிகளைப் படிக்கும்போது நான் முதலில் கேட்பது, அது யார் பணம் என்பதுதான். பென்னாகரத்துப் பையன் கருப்பூரில் சாப்பிட்டால் அது சேலத்துக்குப் புதுப்பணம். அம்மாபேட்டைப் பையன் செர்ரி ரோட்டில் டீ குடித்தால், அவன் படிக்காமல் இருந்தாலும் அம்மாபேட்டையிலேயே அந்த டீயைக் குடித்திருப்பான். அது வெறும் இடமாற்றம். அவன் இங்கே இடம் கிடைக்காமல் கோயம்புத்தூர் போயிருப்பான் என்றால் மட்டும் கணக்கில் சேர்க்கலாம். அரசுக் கல்லூரி ஊழியர் சம்பளம் சென்னைக் கருவூலக் கணக்கிலிருந்து இங்கே வருகிறது, அதுவும் புதுப்பணம். என் சம்பளமும் அதில் சேர்த்தி, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்தது, வந்த பணம் எத்தனை கை மாறிவிட்டு வெளியே போகிறது என்பது. மெஸ் அக்காவின் இரண்டு நோட்டுகள் இருக்கிறதே, பாடப்புத்தகத்தில் பெருக்கி என்று பெயர் வைத்து ஒரு அதிகாரம் முழுக்க எழுதியிருப்பது அதைத்தான். தாரமங்கலம் ரோட்டுக்காரர் சொன்ன கான்ட்ராக்டர் லாரி இன்னொரு அதிகாரம், கசிவு. பல அறிக்கைகளில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. மெஸ்ஸின் மொத்த வரவையும் எழுதி, அந்த மெஸ்ஸுக்கு அரிசி விற்ற கடையின் மொத்த வரவையும் எழுதிக் கூட்டிவிடுவார்கள். ஒரே ரூபாய் இரண்டு முறை ஏறிவிடும்.

சாரதா காலேஜ் ரோடு

சின்ன அனுபவம். 1961-ல ஆரம்பிச்ச பொண்ணுங்க காலேஜ் பேர்ல இருக்கிற ரோடு இது. அப்பா அழகாபுரம் பக்கம் தள்ளுவண்டியில தட்டுவடை செட் போட்டாரு. தட்டுவடைக்கு நடுவுல துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், கார சட்னி, காலேஜ் விடுற நேரத்துக்கு வண்டியைச் சுத்திக் கூட்டம். இப்ப ரோடு முழுக்க ஜவுளி, ஆஸ்பத்திரி, பெரிய ஹோட்டல். காலேஜால மதிப்பு ஏறின இடத்துல எங்களால நிக்க முடியல. அண்ணன் இப்ப வண்டியை வேற பக்கம் தள்ளிட்டுப் போறான்.

ஜி.ஹெச். எதிர் டிஃபன் கடை

மெடிக்கல் காலேஜ் 1986-ல வந்தது. வகுப்பு ஸ்டீல் பிளாண்ட் ரோட்டுல, வார்டு டவுனுக்குள்ள. எங்க வியாபாரத்துக்கு ஸ்டூடண்ட்ஸ் ஊறுகாய்தான், சாப்பாடு நோயாளியோட வர்ற அட்டெண்டர். இட்லி பார்சலும் வெந்நீரும் விடியக்காலை மூணு மணிக்கும் போகும்.

சிவதாபுரம் பட்டறை

யாரும் தொடாத ஒண்ணை நான் சொல்றேன். எங்களுது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சிவதாபுரம், பனங்காடு, செவ்வாப்பேட்டை வீதிகள்ல வீட்டுக்கு வீடு இந்தத் தொழில் நடந்துச்சு. பத்தவைக்கிறது, அதாவது வெள்ளியை நெருப்புல காட்டி ஒட்டறது, சலங்கை கோக்கிறது, மெருகு போடறது எல்லாம் கைவேலை. எங்கிட்ட வேலை செஞ்சவர் பையன் இன்ஜினியரிங் முடிச்சான். முதல் பட்டதாரிச் சலுகை கிடைச்சுது, மிச்ச ஃபீஸுக்கு நானும் கொஞ்சம் முன்பணம் குடுத்தேன். இப்ப ஓசூர்ல வேலை. அப்பாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புறான், ஓட்டுவீடு தார்சு ஆயிடுச்சு. நல்லா இருக்கட்டும், மனசார சொல்றேன்.

ஆனா பட்டறையில உக்கார ஆள் இல்ல. படிச்ச பையன் நெருப்பு முன்னாடி கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஏன் உக்காரணும், அதுவும் நியாயம்தான். சேலத்துல இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, பாலிடெக்னிக் 1958-லேர்ந்து இருக்கு. படிச்சு முடிச்சவனுக்கு வேலை இங்க இல்ல, பெங்களூரு, ஓசூர், சென்னைன்னு போறான். பத்தவைக்கிற புகைக்கும், மெருகு மெஷினுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு ஒரு காலேஜ்ல போய்க் கேட்டேன். ஸ்டூடண்ட் பிராஜெக்டா செஞ்சாங்க. மாடல் அழகா இருந்துச்சு, மார்க் போட்டதோட பரண் மேல ஏறிடுச்சு. கேன்டீன் கணக்கைவிட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது வாத்தியாரே.

பொருளியல் வாத்தியார்

உண்மை. அறிக்கைகளில் இதைப் போடுவதே இல்லை, அளப்பது கஷ்டம்.

ஏற்காடு டிரைவர்

மலையில இருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குக் காலேஜ் இல்ல, ஸ்கூல்தான் கம்பெனி. சேக்ரட் ஹார்ட் 1894, மான்ஃபோர்ட் 1917. ஸ்கூல் திறக்கிற சமயம், பசங்களை லீவுக்குக் கூட்டிட்டுப் போற சமயம், இருபது கொண்டை ஊசி வளைவும் வெளியூர் காரா இருக்கும். லாட்ஜ், டாக்ஸி, மிளகு, காப்பித்தூள் விக்கிறவங்க எல்லாருக்கும் அது கோடை சீசன் மாதிரி இன்னொரு சீசன். அந்தப் பேரண்ட்ஸ் பேரம் பேச மாட்டாங்க, கோடைக்கு வர்றவங்க மாதிரி இல்ல.

இதுக்கு நேரெதிரா ஒண்ணு இருக்கு. எஸ்டேட்ல வேலை பாக்கிற எங்க மலைக்காரப் பசங்க பிளஸ் டூ முடிச்சா சேலத்துக்குத்தான் இறங்கணும். கடைசி பஸ்ஸைப் பிடிச்சு ஏற முடியாதுன்னு ஹாஸ்டல், இல்லன்னா ரூம். எஸ்டேட் கூலி கீழ இறங்கிப் போகுது. கீழே இருக்கிறவங்க காசு ஸ்கூலால மேல வருது, மேல இருக்கிறவங்க காசு காலேஜால கீழ போகுது. ரெண்டையும் கழிச்சுப் பார்த்தா எது அதிகம்னு வாத்தியார்தான் சொல்லணும். லாட்ஜ் ஓனருக்கு வர்றதும் எஸ்டேட் கூலிக்காரர் குடுக்கறதும் வேற வேற பைங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.

ஓமலூரான்

எல்லாருக்கும் நன்றி. இப்ப நேரடியா கேட்டுடறேன். மச்சான் அந்தக் காலேஜ் வரப்போறதை நம்பி, பேங்க் லோன் போட்டு லேடீஸ் ஹாஸ்டல் கட்டலாங்கறான். செய்யலாமா?

தாரமங்கலம் ரோட்டுக்காரர்

நடத்தப்போறது யாருன்னு கேளுங்க. அதே ஆளுங்களோட பழைய காலேஜ் எங்கயாச்சும் இருந்தா, சாயங்காலம் நாலரைக்கு அங்க போய் கேட் முன்னாடி நில்லுங்க. பஸ் எத்தனை கிளம்புது, நடந்து வெளிய வர்ற பொண்ணுங்க எத்தனைன்னு எண்ணுங்க. எல்லாம் பஸ்லயே போயிட்டா லோன் வேணாம். அரசுக் காலேஜா இருந்தா வேற, நடந்துதான் வருவாங்க.

மெஸ் அக்கா, கருப்பூர்

கட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பாத்துக்கங்க தம்பி. பொண்ணுங்க ஹாஸ்டல்னா 2014-ல போட்ட சட்டப்படி பதிவு பண்ணி லைசென்ஸ் வாங்கணும். வார்டன், வாட்ச்மேன், கேமரா எல்லாம் வேணும். எங்க தெருவுல ஒருத்தர் வீட்டைக் கட்டி முடிச்சுட்டு லைசென்ஸுக்கு அலைஞ்சாரு, அதுக்குள்ள அட்மிஷன் சீசனே முடிஞ்சு போச்சு. மொதல்ல ரெண்டு ரூம் மட்டும் கட்டி ஸ்டாஃப் ஃபேமிலிக்கு விடச் சொல்லுங்க உங்க மச்சானை. அவங்க மே மாசமும் வாடகை குடுப்பாங்க.